மருமகளின் கை

— அப்ப, மகளின்ர கையில ஒண்டுமே பூசேல்லை எண்டுறீங்கள்.

— இல்ல, அப்போதிக்கரி ஐயா. வேப்பெண்ணெய்தான் கொஞ்சம் தடவினன். அதுவும் வீங்கினதுக்குப் பிறகு.

— வேப்பெண்ணெய் தோலை இப்பிடி வேகவைக்காது, பிள்ளை. நிலத்தைப் பாக்காமல் என்னைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் வாழைச்சேனையில இருந்து கதிரவெளி மட்டும் மாட்டுவண்டியில இடுப்பை முறிச்சுக்கொண்டு வந்தது உங்களை ஏசுறதுக்கில்லை. அம்மைப்பால் குத்தின பிறகு ஒரு பிள்ளைக்குக் கை அழுகினால், ஏன் அழுகினது எண்டு கண்டுபிடிக்கிறது அரசாங்க வைத்தியன் என்ர வேலை. விளங்குதோ?

— விளங்குது ஐயா.

— காய்ச்சல் எப்ப தொடங்கினது?

— அண்ணன் கை பார்க்க வந்துபோனதுக்குப் பிறகுதான்.

— அண்ணன் எண்டால்?

— அந்தா, படலையடியில நிக்காரே, உங்கட வினாயகமூர்த்தி, அவர்தான். ஊருக்கெல்லாம் ஊசி குத்தினவர். மறுகா அடுத்த கிழமை வந்து, முத்து எழும்பினதா எண்டு ஒவ்வொரு புள்ளைட கையையும் பார்த்தவர். அதுக்கு முதல் இவளுக்கு ஒண்டுமில்ல ஐயா. திண்டு குடிச்சு, நாய்க்குட்டியோட ஓடித் திரிஞ்சவ.

— காய்ச்சலும் இல்லை, வீக்கமும் இல்லை. வலு புதினமாக் கிடக்கு. பாலில பிழை எண்டால் அதுக்கு முந்தியே காட்டியிருக்கவேணும். வினாயகமூர்த்தி, உள்ள வாரும். தங்கச்சியின்ர வீட்டுக்குள்ள வர உமக்கென்ன வெட்கம்?

— நான் இஞ்சயே நிக்கன் ஐயா. இந்த வளவுக்குள்ள கால் வைக்கப்படாதெண்டு மச்சான் சொல்லிட்டார்.

— ஆர், பிள்ளையின்ர தேப்பனோ? ஆள் எங்க இப்ப?

— வாகரைக்குப் போயிட்டார் ஐயா. அங்க ரெண்டு வீட்டில வைசூரி எண்டு கதை. என்ட புள்ளைட கையை வந்து பாருங்க, ஊசிக்காரன் வந்தா அடிச்சுத் துரத்துங்க எண்டு வீடு வீடாச் சொல்லித் திரியிறாராம்.

— எனக்கும் அந்தக் கதை வந்ததுதான். தாய்மார் பிள்ளையளைக் காட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கினமாம். பக்கத்து வீட்டில வைசூரி, ஆனால் ஊசிதான் பயம். அதாலதான் கேக்கிறன், பிள்ளை. இது பாலின்ர பிழை எண்டால் இந்தக் கரையில ஊசி குத்துறதையே நான் நிப்பாட்டவேணும். ஊசி சுத்தமில்லை எண்டால் உங்கட அண்ணற்ர வேலை போகும். ரெண்டும் இல்லை எண்டால், அதை வாகரைக்கு இண்டைக்கே சொல்லவேணும். விளங்குதோ?

— என்ட பிழை ஐயா.

— வினாயகமூர்த்தி, நான் உம்மட்ட இன்னும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை.

— ஊசி சுத்தமில்லாம இருந்திருக்கும். என்ட பிழை எண்டு மட்டக்களப்புக்கு அறிவிச்சிடுங்க. பால்ல ஒரு பிழையும் இல்ல.

— ஊசியை நெருப்பில காட்டினீரோ?

— காட்டினன்.

— ஆற விட்டீரோ?

— விட்டன்.

— பேந்து எப்பிடி ஊத்தை வந்தது?

— தெரியா ஐயா. என்ட பிழைதான்.

— உம்மைப்போல ஒருத்தரை நான் காணேல்லை. மற்ற ஊசிக்காரர் எல்லாரும் வெயிலில பிழை, தாயில பிழை, வண்டி மாட்டில பிழை எண்டு சொல்லுவினம். நீர் கேக்க முந்தித் தலையை நீட்டுறீர். சரி, எந்த நாள் குத்தினது?

— வைகாசிச் சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறந்த அண்டு.

— வேற நாள் கிடைக்கேல்லையோ உமக்கு? வைசூரி அம்மாளின்ர வருத்தம் எண்டு நம்புற ஊர். அம்மாள் ஊருக்குள்ள வந்திருக்கிற நாளில போய் அவவுக்கு எதிரா ஊசி தூக்கினால் சனம் என்ன சொல்லும்?

— பால் வெயிலுக்குப் பழுதாப் போயிடும் ஐயா. ஈரமணலுக்குள்ள வைச்சுக் கொண்டுவந்தது. கடைசி நாள் குளிர்த்தி பாடிக் கோயில் கதவு சாத்துற வரைக்கும் காத்திருந்தா அது வெறும் தண்ணி. அதனால ஊர்த் தலைமைக்காரர் விதானையாரைக் கொண்டு சொல்லுவிச்சு, பள்ளிக்கூடத்தடியில ஊரைக் கூட்டினன். ஒருத்தரும் புள்ளையை விடுறாங்க இல்ல. மறுகா நம்மட சீதேவியை என்ட மடியில இருத்தி, எல்லாரும் பார்க்க முதல்ல அவட கையில கீறினன். அதைக் கண்டாப் போலதான் மற்ற ஆக்கள் வந்தாங்க.

— சொந்த மருமகளை முதல்ல இருத்தினீர். அது நல்ல யோசினைதான். அவவுக்கு அடுத்ததா ஆருக்கு?

— இலட்சுமிப்பிள்ளைட மகனுக்கு.

— அதே ஊசியோ?

— அதே ஊசிதான். நெருப்பில காட்டிப்போட்டு.

— அப்ப அந்தப் பொடியன்ர கையைத்தான் நான் முதல்ல பாக்கவேணும். விதானையார் எல்லாப் பிள்ளையளையும் பள்ளிக்கூடத்தடிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நான் போட்டு வாறன். பிள்ளை, நான் கட்டின துணியை அவிழ்க்க வேண்டாம். கை போகாது. சீழ் எல்லாம் எடுத்துப்போட்டன். தழும்பு ஒண்டு நிக்கும், அவ்வளவுதான். நான் வருமட்டும் வேப்பெண்ணெயும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். ஆனால் ஒண்டு யோசிச்சு வையுங்கோ. ஊசி கீறின இடம் மேல கிடக்கு. வெந்த இடம் அதுக்குக் கீழ கிடக்கு. என்ர குடை எங்க?

— இந்தா ஐயா.

— அண்ணே, உள்ள வாங்க. அவர் போயிட்டார்.

— வேணாம்கா, தங்கச்சி. மச்சான் சொன்னது சொன்னதுதான்.

— இது அம்மா எனக்குத் தந்த வீடு. இஞ்ச ஆர் வரலாம், ஆர் வரப்படாதெண்டு சொல்ல அவர் ஆரு? கலியாணம் முடிச்சு ஒரு பாயோடயும் ஒரு வலையோடயும் வந்த மனிசன். வாங்க. வந்து புள்ளையைப் பாருங்க.

— தூங்கிறாளா?

— ஓம். காய்ச்சல்ல உங்களைத்தான் கேட்டவ. மாமா வந்தாரா, மாமா ஏன் படலைக்கு வெளியில நிக்கார் எண்டு.

— கேட்டவளா.

— ஏன் அண்ணே அப்பிடிச் சொன்னீங்க? என்ட பிழை, என்ட பிழை எண்டு. வேலை போனா என்ன செய்வீங்க?

— கரைவலைக்குப் போவன். கயிறு இழுக்கத் தெரியாதா எனக்கு? கிடக்கட்டும்.

— கிடக்கட்டும் எண்டு விட ஒண்ணா. உங்கட பிழை இல்ல எண்டு எனக்குத் தெரியும்.

— உனக்கு என்ன தெரியும்?

— என்ட மூஞ்சியைப் பார்க்காதீங்க. அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்க. அப்பதான் என்னால சொல்ல ஏலும்.

— எந்த மரம்?

— வேலியோரத்து முந்திரிய மரம்தான். அதைப் பாருங்க. நீங்க கை பார்க்க வாறதுக்கு முதல்நாள் கிணத்தடியில எல்லாரும் புள்ளையளோட நிண்டம். எல்லாப் புள்ளைட கையிலயும் முத்து எழும்பி, நடுவில குழி விழுந்து, சுத்திவரச் சிவந்து கிடக்கு. என்ட புள்ளைட கையில ஒண்டுமில்ல. கீறின காயமும் ஆறி, கோடு மட்டும்தான் கிடக்கு. அம்மாள்கிட்ட நேர்ந்து வாங்கின புள்ளையல்லவா, அம்மாள் பாலைத் தள்ளிட்டா எண்டு ஒருத்தி சொன்னாள். அதைப் பொறுத்தன். மறுகா இந்த இலட்சுமிப்பிள்ளை சிரிச்சுக்கொண்டு கேக்காள், ஏன்கா, உன்ட அண்ணன் ஊருக்கு ஒரு ஊசி, வீட்டுக்கு ஒரு ஊசி வைச்சிருக்காரோ எண்டு.

— அப்பிடியா கேட்டாள்?

— ஓம் அண்ணே. எனக்குக் கண் இருட்டிட்டு. அவட கொண்டையைப் பிடிச்சிட்டன். என்ட அண்ணன் அப்பிடிப்பட்டவரில்ல, அவருக்கு எல்லாப் புள்ளையும் ஒரு புள்ளைதான் எண்டு ஊர் கேக்கக் கத்தினன். ரெண்டு பேர் வந்து பிரிச்சு விட்டாங்க.

— நீ அதுக்குப் போய்ச் சண்டை பிடிச்சிருக்கப்படா.

— பிடிக்காம? உங்களை ஒருத்தி அப்பிடிச் சொல்ல நான் பார்த்துக்கொண்டு நிக்கவா? ஆனா வீட்ட வந்ததும் பயம் பிடிச்சிட்டு. விடிஞ்சா நீங்க ஊருக்கு முன்னால கை பார்ப்பீங்க. எல்லாற்ற கையிலயும் முத்து, உங்கட மருமகள்ட கை மட்டும் வெறுங்கை. அவள் சொன்னது மெய்யாப் போயிடும். அப்பதான் அந்த மரத்தைப் பார்த்தன். சின்னப் புள்ளையில நாம முந்திரியங்கொட்டை சுடக்குள்ள எண்ணெய் தெறிச்சு என்ட முழங்கையில கொப்புளம் வந்ததே, நினைவிருக்கா? ஊசி குத்தின மாதிரியே கிடக்குகா எண்டு நீங்க பகிடி பண்ணினீங்க.

— ஆச்சிப்பிள்ளை, நீ என்ன செஞ்ச?

— பச்சைக் கொட்டையைக் கீறி ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டுத்தான் அண்ணே, ஒரு கொப்புளம் வந்தாப் போதும் எண்டு. புள்ள துடிச்சாள். அவட வாயைப் பொத்தினன். நான் பெத்த வாயை நானே பொத்தினன். கோயில் கதவு திறந்தா, சடங்கு முடியுமட்டும் வீட்டில எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டம், மீன் பொரிக்கமாட்டம், ஒரு மிளகாய் வறுக்கமாட்டம். அப்பிடிப்பட்ட நாளில நான் என்ட புள்ளைட தோலைப் பொரிச்சுப்போட்டு, குளிச்சுத் துவைச்ச சீலை உடுத்து, கோயிலுக்கும் போனன்.

— அழாத. புள்ள எழும்பிடுவாள்.

— அடுத்தநாள் நீங்க அந்தக் கையைக் கண்டிட்டு வெளிறிப் போனீங்க. கண்டுபிடிச்சிட்டீங்க எண்டுதான் நினைச்சன். ஒண்டும் கேக்காம அடுத்த புள்ளைக்குப் போயிட்டீங்க.

— நான் வேற நினைச்சன்.

— வேற என்ன?

— கிடக்கட்டும்.

— இவர் உங்களை ஊருக்கு முன்னால கொலைகாரன் எண்டு ஏசினார். நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டு இருந்தன். வெளிய வந்து, நான்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. உங்கட முகத்தைப் பார்க்க எனக்கு வெக்கமா இருக்கு அண்ணே. நீங்க எல்லாத்தையும் தலையில போடுறீங்க, நான் துணிப்பொட்டளி மாதிரி மூலையில கிடக்கன். அப்போதிக்கரி வரட்டும். சொல்லிடப் போறன்.

— வேணாம்.

— ஏன்?

— ஊர் சிரிக்கும். மச்சான் உன்னைச் சும்மா விடமாட்டார். நான் ஏற்கனவே ஒத்துக்கொண்டிட்டன். அதோட முடியட்டும்.

— எங்க முடியும்? வாகரையில புள்ளையளைக் காட்டுக்குள்ள வைச்சிருக்காங்க எண்டு கேட்டீங்கதானே. அந்தப் புள்ளைகளுக்கு ஒண்டு நடந்தா?

— நீ சொன்னா, மறுகா அவர் இன்னும் கேப்பார் தங்கச்சி. கிண்டிக் கிண்டிக் கேப்பார்.

— கேக்கட்டும். இதுக்கு மேல மறைக்க என்னட்ட என்ன இருக்கு? அந்தா, குடை தெரியுது. வாறார்.

— ஆச்சிப்பிள்ளை, சொல்லாத. உன்னைக் கும்பிட்டுக் கேக்கன்.

— நீங்க கும்பிடாதீங்க அண்ணே. நான்தான் உங்கட காலில விழவேணும்.

— உள்ள வந்திட்டீரோ வினாயகமூர்த்தி? நல்லது. இரும். உங்கட ஊரில தாய்மார் ஒரு பிள்ளையின்ர கையைக் காட்ட முந்தி ஒரு பாட்டம் அழுதுதான் காட்டுவினம் போல. ஆனால் பிள்ளையளின்ர கையளில ஒரு குறையும் இல்லை. எல்லாம் நல்லா எழும்பி, காய்ஞ்சு, மேல பொருக்கா அயறு பிடிச்சு வருது. பாலில பிழையில்லை. அந்த இலட்சுமிப்பிள்ளையின்ர பொடியன், அதே ஊசியால குத்தினவன், மரத்தில ஏறி நிக்கிறான். இறக்கித்தான் பாத்தனான். பூவரசங்காய் மாதிரி எழும்பியிருக்கு. ஊசியிலயும் பிழையில்லை. நீர் உம்மட பிழை எண்டு சொன்னதை நான் கேக்கேல்லை எண்டு வையும். அப்ப, இந்தக் கைக்கு என்ன நடந்தது?

— நான்தான் ஐயா.

— சொல்லுங்கோ பிள்ளை.

— முந்திரியங்கொட்டை எண்ணெய் வைச்சன். பால் எழும்பல்ல எண்டு ஊர் சிரிச்சுது. அண்ணனுக்கு வெக்கக்கேடு வந்திடும் எண்டு நானே ஒரு கொப்புளம் போட்டன். அது இப்பிடி அழுகும் எண்டு எனக்குத் தெரியா. அவர்ல ஒரு பிழையும் இல்ல ஐயா. அவர்ட வேலையை எடுத்துப்போடாதீங்க.

— முகத்தை மூடாதேங்கோ.

— என்னால ஏலா ஐயா.

— சரி, மூடிக்கொண்டே கேளுங்கோ. செய்தது பெரிய பிழை. பிள்ளை செத்திருக்கும். இதை நான் மெல்லமாச் சொல்லமாட்டன். ஆனால் சொன்னது நல்லது. அந்த எண்ணெயை எனக்குத் தெரியும், வெந்த தோலைக் கண்டதும் ஒரு சந்தேகம் வந்ததுதான். தாய் ஒருத்தி பிள்ளையில அதை வைப்பாள் எண்டு மட்டும் என்ர மனம் போகேல்லை. இப்ப நீங்கள் ஒரு வேலை செய்யவேணும்.

— என்ன வேலை?

— என்னோட வாகரைக்கு வரவேணும். இது ஊசியால வந்ததில்லை, நான் செய்தது எண்டு அந்தத் தாய்மாருக்கு உங்கட வாயால சொல்லவேணும். நான் சொன்னால் அரசாங்கத்து ஆள் பொய் சொல்லுறான் எண்டுவினம்.

— அவர் அங்க நிப்பாரே.

— ஓம். உங்கட மனிசனுக்கு முன்னாலதான். ஏலுமோ?

— சொல்லுவன். அவர் அடிச்சாலும் சொல்லுவன். அண்ணன்ட பேர் கெடாம இருந்தாச் சரி.

— அண்ணற்ர பேர் கெடாது. இந்தக் கரையில இவரைப்போல ஒரு ஊசிக்காரர் இல்லை எண்டு நானே சொல்லுவன். ஆனால் இன்னொண்டு கிடக்கு. பால் எழும்பாட்டில் இந்தப் பிள்ளைக்குக் காவல் இல்லை. பக்கத்து ஊரில வைசூரி. கதிரவெளி முழுக்க எல்லாப் பிள்ளையளுக்கும் காவல், ஊசிக்காரன்ர மருமகளுக்கு மட்டும் இல்லை. ஒரே குழாய்ப் பால், மற்றதெல்லாம் எழும்பியிருக்கு, இவவுக்கு மட்டும் ஏன் எழும்பேல்லை எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. சிலவேளை அப்பிடியும் நடக்கிறதுதான். காய்ச்சல் இறங்கினதும் மற்றக் கையில திரும்ப ஒருக்கா வைப்பம். வினாயகமூர்த்தி, நீர்தான் வைக்கவேணும். முந்தி மாதிரியே, ஊருக்கு முன்னால, மடியில இருத்தி.

— திரும்ப எண்டு சொல்லாதீங்க ஐயா.

— ஏன்?

— இதுதான் முதல்தரம்.

— அண்ணே, என்ன சொல்லுறீங்க?

— அண்டைக்கு நான் ஊசியில பால் தொடல்ல. வெறும் ஊசியாலதான் கீறினன்.

— உம்மட சொந்த மருமகளுக்கோ?

— ஓம் ஐயா. அம்மாள் கதவு திறந்த நாள். அம்மாள்கிட்ட நேர்ந்து வாங்கின புள்ள. தாய்வழியில வாற நம்மட குடிக்கு மிஞ்சியிருக்கிற பொம்புளப் புள்ள இவ ஒருத்திதான். மடியில இருத்தின உடன எனக்குப் பயம் வந்திட்டு, கை ஓடல்ல. மறுகா கை பார்க்க வந்தா, நான் வைக்காத பால் எழும்பிக் கிடக்கு. அம்மாள்தான் என்னைக் காட்டிக்குடுக்கப் போட்டிருக்கா எண்டு நினைச்சன். அதாலதான் என்ட பிழை எண்டு சொன்னன். அது மெய்தானே.

— அப்ப இலட்சுமிப்பிள்ளை கேட்டது.

— அவள் சரியாத்தான் கேட்டிருக்காள் தங்கச்சி.

— அவட மகனை மடியில இருத்தக்குள்ள, அண்ணே? அவனும் ஒருத்தி நேர்ந்து பெத்த புள்ளதான். அப்ப உங்களுக்குக் கை ஓடினதா?

— ஓடினது தங்கச்சி. நல்லா ஓடினது.